மோட்டாரில்லா வக்கீல்

பேரிகார்டைப் பார்த்ததும் பைக்காரர்கள் எல்லாம் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதை நோக்கி நேராக வருகிற ஒரே ஆள் இவர்தான். யாரும் கை காட்டியிருக்க மாட்டார்கள். தானே இறங்குவார். இறங்குவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இவரும் வந்து சேர்வார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிஷினுக்கு முன்னால் வாயைக் குவித்தபடி நிற்பார்.

“ஊதறேன் ஏட்டய்யா. எவ்வளவு வேணும்?”

ஏட்டய்யாவுக்கு அன்றைய வேலை பைக்கும் காரும். இவருக்கு அன்றைய வேலை ஏட்டய்யா.

சட்டக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டார். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 மட்டும் தலைகீழ்ப் பாடம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருஷம் வரை, 15,000 ரூபாய். இதையெல்லாம் ஏட்டய்யாவுக்கே ஒப்பித்துக் காட்டுவார். நாக்கு குழறும், எண்கள் குழறாது. கடைசியில் குரலை இறக்கி, “ஆனா இதெல்லாம் எதுக்கு? மோட்டார் வாகனத்துக்கு. மோட்...டார்” என்று நிறுத்துவார். அந்த ‘டார்’ அடுத்த சிக்னல் வரை கேட்கும்.

பிறகுதான் சோதனை ஆரம்பம். போலீஸ் இவரைச் செய்வதல்ல, இவர் போலீஸுக்குச் செய்து காட்டுவது. சைக்கிளை நடுரோட்டில் படுக்கப் போடுவார். “இதுல மோட்டார் எங்க இருக்குன்னு காட்டுங்க, நானே ஜீப்புல ஏறிக்கறேன்.” பெடலைச் சுற்றிக் காட்டுவார். செயின் கவரைத் தட்டுவார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்வார். பெல்லை அடித்து, “இதுவா மோட்டார்?” என்பார். பின்னால் நிற்கும் லாரி ஹாரன் அடித்தால், “அதோ, அதுல இருக்கு” என்று கை நீட்டுவார்.

ஒரு தரம் புதிதாக வந்திருந்த இளம் கான்ஸ்டபிள், முன் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த டைனமோவைக் காட்டி, “அப்ப இது என்னய்யா?” என்று கேட்டுவிட்டார். பாவம், பணிக்குச் சேர்ந்த புதிது. டைனமோ மின்சாரத்தை உண்டாக்குவது, மோட்டார் மின்சாரத்தைத் தின்பது, இரண்டுக்கும் உள்ள உறவு என்ன, பகை என்ன என்று வகுப்பு நடந்தது. அந்த நேரத்துக்குள் ஊத வேண்டிய நாலு கார்கள் ஊதாமலே போயிருக்கும்.

“லைசென்ஸைப் பிடுங்குவீங்களா? சைக்கிளுக்கு லைசென்ஸே கிடையாதே” என்பது இரண்டாவது வாதம். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வருஷா வருஷம் வில்லை வாங்க வேண்டியிருந்தது, விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் கேஸ் என்று யாராவது பெரியவர் சொன்னால் காது கேட்காது.

இப்படிப்பட்டவர்கள் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத்தான் படித்திருப்பார்கள். 185 சைக்கிளைத் தொடாது என்பது உண்மை. ஆனால் குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு கொடுக்கிறவருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 510. அதிகபட்சம் 24 மணி நேரம் உள்ளே, அல்லது 10 ரூபாய். 1860-இல் எழுதிய 10 ரூபாய் கடைசி வரை 10 ரூபாயாகவே இருந்தது. மதுக்கடைக்கு வெளியே விற்கும் சுண்டலே அதற்கு மேல். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 355 ஆகி, அபராதம் 1,000 ரூபாய் வரை ஏறி, சமூக சேவை என்ற தண்டனையும் சேர்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வாயைத் திறக்காமல் ஓரமாக வீட்டுக்குப் போயிருந்தால் இந்தப் பிரிவும் இவர்மேல் ஒட்டாது. தொந்தரவு இருந்தால்தான் குற்றம். பேரிகார்டைத் தேடிப் போய் அந்தக் குறையையும் இவரே தீர்த்து வைக்கிறார்.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். அந்தச் சைக்கிள் என்னுடையது.

“அண்ணே, பத்து நிமிஷம்” என்று எடுத்துப் போவார். திரும்பி வரும்போது ஹேண்டில் வடக்கே பார்க்கும், சக்கரம் கிழக்கே பார்க்கும். ஜப்பானில் 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினால் 3 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். அங்கே குடித்தவருக்குச் சைக்கிள் கொடுத்தவருக்கும் அதே தண்டனை உண்டு. இதைச் சொல்லி ஒரு நாள் சாவியைத் தர மறுத்தேன். “நாம ஜப்பான்லயா இருக்கோம்ணே?” என்று கேட்டுவிட்டு, வேலிக்கு உள்ளே கையை விட்டுப் பூட்டாத சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் இவர் மோதி, பூக்கார அம்மா கூடையோடு விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்போதும் ஆசாமி சொன்ன முதல் வார்த்தை, “சைக்கிளுக்குக் கேஸ் கிடையாது.” கிடையாதாம்! அதே சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக ஓட்டுவதற்கான 281-ஆம் பிரிவில் எந்த வாகனம் என்ற பேதமே இல்லை. 6 மாதம் வரை சிறை. எலும்பு முறிந்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். 125-இன்படி 3 வருஷம் வரை போகும். உயிர் போயிருந்தால் 106, 5 வருஷம் வரை. ஆனால் இந்த எண்களால் அந்த அம்மாவுக்கு என்ன? ஒரு பைக் இடித்திருந்தால் இன்சூரன்ஸ் இருக்கும், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். சைக்கிளுக்கு இன்சூரன்ஸும் கிடையாது, தீர்ப்பாயத்தின் வாசலும் திறக்காது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு அலைய வேண்டும். பூ கட்டுகிற கையில் மாவுக்கட்டு. மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்று இந்த ஆள் கொண்டாடியதற்கெல்லாம் பில் அங்கே போனது. ஆஸ்பத்திரிச் செலவை இவர் மனைவி வளையலை அடகு வைத்துக் கட்டினார்.

பத்து நாள் ஆள் தலை காட்டவில்லை. பதினோராம் நாள் காலையில், குளித்து, திருநீறு பூசி, யாரோ நல்ல மனிதர்போல் வந்து நின்றார். என் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தானே கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் போட்டார். குடிக்காத நேரத்தில் இவரைப்போல் கை சுத்தமான மெக்கானிக் இந்த வட்டாரத்தில் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இனி என் சைக்கிளைத் தொடுவதில்லை என்றார். எனக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது.

“எலக்ட்ரிக் சைக்கிள் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேண்ணே. 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருந்தா அதுவும் சட்டப்படி மோட்டார் வாகனம் இல்லையாம். மோட்டார் இருக்கும், ஆனா மோட்டார் வாகனம் இல்ல! ஏட்டய்யாவுக்கு இதைப் புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆகும்” என்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

பிறகு என் வராந்தாவை ஒரு நோட்டம் விட்டார். “சார்ஜ் போட மட்டும் இந்த பிளக் பாயின்ட்...”