குட்டி யானையில் ஓர் அலமாரி

குட்டி யானை என்னும் சிறு சரக்கு வண்டியின் முதுகில் வீடு கட்டிக்கொண்டு உதகமண்டலம் ஏறப் புறப்படும் கனவான்கள், பார்ட்டிக்கிள் போர்டின் பளபளப்பில் மோகித்து அதிலேயே அலமாரி செய்வித்து, குன்னூர் மூடுபனியில் அது பூரிபோல் உப்பிக் கதவு சட்டத்தில் அடங்க மறுக்கும் வைபவத்தைப் பின்னரே தரிசிக்கிறார்கள். கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் ஒட்டு விடாத ஐ.எஸ். 710 மெரைன் பிளைவுட்டோ, விலையைக் கேட்டவுடனேயே அனாவசிய ஆடம்பரமாகிவிடுகிறது. கதவைக் காக்க அவர்கள் நம்பும் காந்தத்தின் யோக்கியதை, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே நிர்ணயமாகும். சம்புடங்கள் சுதந்திரமடைந்து, துவரம்பருப்பும் தேயிலைத் தூளும் தரையில் சமரசமாகக் கலக்கும். (ஓசையின்றி மூடும் சீமைக் கீல், ஓசையின்றித் திறக்கவும் செய்யும்.) ஆகையால் அன்பர்களே, பலகையில் மிச்சம் பிடிக்காமல், பழைய பித்தளைத் தாழ்ப்பாளையே வாங்குங்கள்.