மூன்று நாள் யோக்கியன்

சர்க்கரை டெஸ்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் மகானாகிவிடுவேன். காலையில் பாகற்காய்ச் சாறு, பகலில் ஒரு கரண்டிச் சோறு, சாயங்காலம் பூங்காவைப் பத்துச் சுற்று. மைசூர்பாகு டப்பா இருக்கும் அலமாரிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நாலாம் நாள் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தால் 108 என்று வரும். என்னைப் போன்ற பழைய சர்க்கரைக்காரனுக்கு அது தங்கப் பதக்கம். "பாத்தியா?" என்று மனைவியிடம் காகிதத்தை நீட்டுவேன். அவள் அதைப் பார்க்க மாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள்.

மற்ற நாட்களில் என் கணக்கே வேறு. மைசூர்பாகைப் பாதியாக உடைத்துத் தின்றால் தின்றதில் சேராது. அரை மணி கழித்து எடுக்கும் மீதியும் பாதிதானே! நின்றுகொண்டே வாயில் போட்டால் அது ருசி பார்த்தது. பந்தியில் இலையில் விழுந்த ஜாங்கிரியை ஒதுக்குவதோ பெண் வீட்டாருக்கு அவமரியாதை.

1984-இல் குவாட்ரோன், டிவெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைச் சில்லென்ற தண்ணீரில் கையை விடச் சொன்னார்கள். பிறகு சைக்கிள் மிதிக்கவைத்து, 'இப்போது முன்னைவிட அதிக நேரம் தாங்கினால் இதயம் நல்ல ரகம், ஆயுசு கெட்டி' என்று ஒரு பிரிவிடம் கதைவிட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு அதையே தலைகீழாக. மறுபடி கையை விட்டபோது அவர்கள் நேரத்தைக் கூட்டினார்கள், இவர்கள் குறைத்தார்கள். வேண்டுமென்றா செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் 'இல்லவே இல்லை' என்றார்களாம். இதைப் படித்தபோது, கை விறைத்தால் ஆயுசு நீளுமா, அசடுகளா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று டெஸ்டுக்கு முதல் நாள். கையில் பாகற்காய்ச் சாறு.

இந்த முறை டாக்டர் புதுசு. ஹெச்பிஏ1சி எழுதிக் கொடுத்துவிட்டார். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்குமாம். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டு சாட்சி சொல்லுமாம். சொன்னது: 8.6.

"லேப்ல ரத்தம் மாறிப்போயிருக்குமோ, டாக்டர்?"

"உங்க ரத்தந்தான் சார். மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஆட்டோவில் மனைவி வாயைத் திறந்தாள். "மூணு நாள் ஏமாத்துனீங்கல்ல, இனி மூணு மாசமும் ஏமாத்துங்க பாப்போம்."

ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடினேன். அந்த டெஸ்டின் அளவில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாதத்துச் சர்க்கரையினுடையதாம். அப்படியானால் முதல் இரண்டு மாதம்?

சத்தமில்லாமல் அலமாரியைத் திறந்தேன். பாதிதான் எடுத்தேன். அதுவும் நின்றுகொண்டே.