பீரங்கி வண்டிக்கு வெளிநாட்டு ரம்பம் எதற்கு?

போர்ட்ஸ்மத்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, நம் கடற்கரை மனோராக் கோபுரம் கட்டிய காலத்துப் பீரங்கி ஒன்று செய்கிறீர்கள். பிவிசி பைப்புக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துக் குழல் தயார். அதைத் தாங்குகிற வண்டிதான் இழுத்தடிக்கிறது. மூன்று அங்குல மரத்தில் கட்டர் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே காக்கா நான் இங்கிருந்து நல்ல மிஷினாக ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். விஷயம் இவ்வளவுதானே? அனுப்பப் போவதில்லை. காசுக்காகச் சொல்கிறேன் என்று உன் லாத்தா முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. காசும் ஒரு காரணம்தான், ஆனால் கடைசிக் காரணம். தடித்த மரத்தை அறுக்கப் பெரிய மிஷின் வேண்டும் என்கிற எண்ணமே தப்பு. அதிலும் பீரங்கி வண்டிக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் வர வேண்டும் என்பது சரித்திரத்தையே தலைகீழாக நிறுத்துகிற காரியம்.

முதலில் மிஷினை முடித்துவிடுகிறேன். ஏழேகால் அங்குல வட்ட பிளேடு நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய இரண்டரை அங்குலம்தான் மரத்துக்குள் இறங்கும். பிளேடின் நடுவில் அச்சும் மோட்டாரும் இருக்கும்வரை இதுதான் கணக்கு. போர்ட்ஸ்மத்திலும் இதுதான், பட்டுக்கோட்டையிலும் இதுதான். மரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து அறுக்கலாம். ஆனால் இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்கும்போது அரை நூல் விலகும், அந்த அரை நூலை இழைத்துச் சரிசெய்ய ஒரு பொழுது போகும். போதாக்குறைக்கு, இங்கே கட்டட வேலைக்கென்று விற்கிற மிஷின்கள் பலவற்றுக்கு 110 வோல்ட்தான். பக்கத்தில் மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று காவலுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நம் வீட்டு பிளக்கில் சொருகினால் கண்காட்சிக்குப் புகை மட்டும் தயாராகும்.

பீரங்கி என்றால் எல்லாரும் குழலைத்தான் பார்க்கிறார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் பீரங்கி மேட்டில் கிடக்கிறதே, ரகுநாத நாயக்கர் காலத்தது, இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்தே செய்தது, ஏறக்குறைய 25 அடி நீளம், 22 டன் என்கிறார்கள். அதன் கீழே இன்று ஒரு துண்டு மரமும் கிடையாது; சிமென்ட் திண்டு. அதைப் பார்த்துத்தான் உன் நண்பர்கள் “மரம் எதுக்கு, நாமளும் திண்டு கட்டிடுவோம்” என்கிறார்கள் போலும். திண்டில் கிடக்கிற பீரங்கி ஒரே திசையைத்தான் பார்க்கும், எதிரி அந்தத் திசையில் வந்து நின்று ஒத்துழைக்க வேண்டும். அதைவிட முக்கியம், குண்டு முன்னால் பாய்கிற வேகத்துக்குக் குழல் பின்னால் எகிறும். அந்த உதையை வாங்கிக்கொண்டு உருண்டு பின்வாங்கத்தான் வண்டி. உருள இடமில்லாவிட்டால் உதை முழுவதும் தாங்குகிற இடத்தில் இறங்கும். கப்பலில் அந்த இடம் பக்கச் சுவர். அதனால்தான் சக்கரம் வைத்து, பின்னால் போகவிட்டு, தாம்புக் கயிறு போட்டு நிறுத்தினார்கள். மரம் தடித்திருப்பது ஜம்பத்துக்கு அல்ல.

எவ்வளவு தடிப்பு என்பதற்கும் அந்தக் கப்பல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். குண்டின் குறுக்களவு எவ்வளவோ, பக்கப் பலகையின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவு. இந்த ஊர்த் துறைமுகத்தில் நிற்கிற விக்டரி கப்பலின் கீழ்த்தட்டுப் பீரங்கிகள் 32 பவுண்டு குண்டு போடுபவை. குண்டு ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், பலகையும் அதை ஒட்டியே. ஒவ்வொரு குழலும் இரண்டே முக்கால் டன் சுமார். அதைத் தாங்கிய மரம் எல்ம். நார் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடப்பதால் அது எளிதில் பிளக்காது. எதிரிக் குண்டு பட்டாலும் மற்ற மரம்போலச் சிராய் சிராயாகத் தெறிக்காது. கப்பலில் குண்டைவிடச் சிராய் கொன்ற ஆள் அதிகம் என்று பழைய மாலுமிகள் சொல்வார்களாம். நீ மூன்று அங்குல மரம் தேடுவது உன் குழலின் வாய் மூன்று அங்குலம் என்பதால்தானே? அந்த வரைபடத்தைப் போட்ட வாத்தியாருக்கு என் சலாம் சொல்.

“அப்ப அங்கே இருக்கிற மரத்தையாவது அனுப்புங்க” என்று அடுத்த செய்தி வரும். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். 1970களில் வந்த நோயில் இங்கே எல்ம் மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. இன்று நல்ல எல்ம் பலகை வேண்டுமென்றால் வெள்ளைக்காரனே அலைய வேண்டும். அதற்கு முன்பும் இவர்கள் மரத்துக்கு நம் பக்கம்தான் வந்தார்கள். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி நெப்போலியனை இங்கிலீஷ்காரன் ஜெயித்ததைக் கொண்டாடி நம் கடற்கரையில் மனோராவைக் கட்டியது 1814–15. அதே சமயத்தில் இங்கிலாந்தில் கப்பலுக்கு ஓக் மரம் தட்டுப்பாடு. பம்பாயில் வாடியா குடும்பத்தாரிடம் தேக்கில் போர்க்கப்பல் கட்டி வாங்கினார்கள். 1817இல் வெள்ளோட்டம் விட்ட ‘டிரிங்கோமலி’ இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நாம் அவர்கள் வெற்றிக்குக் கோபுரம் கட்டினோம், அவர்கள் நம் தேக்கில் மிதந்தார்கள். இதற்கு மேலும் பலமான சாட்சி காசிப்பூர். இந்தியாவின் முதல் ஆயுதத் தொழிற்சாலை என்று சொல்வது கல்கத்தா பக்கத்துக் காசிப்பூரைத்தான். அது ஆரம்பித்தது பீரங்கி வண்டி செய்யத்தான், 1801இல். அடுத்த வருஷம் மார்ச் 18இல் உற்பத்தி தொடங்கியது. அந்த நாளைத்தான் இன்றும் ஆயுதத் தொழிற்சாலை தினமாகக் கொண்டாடுகிறார்கள். குழல் வார்க்கிற சாலை அங்கே வந்தது பிறகு. இரும்பும் வெண்கலமும் கப்பலேறி வரலாம், கெடாது. வண்டி நம் வெயிலையும் மழையையும் கரையானையும் தாங்க வேண்டும். அதை இங்கிருந்து கட்டி அனுப்புவதைவிட அங்கே கிடைக்கிற மரத்தில் அங்கேயே செய்வது மேல் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கே புரிந்திருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து நீ ரம்பம் கேட்கிறாய்.

இந்த நாட்டுச் சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது, இங்கே வந்து நான் படித்ததிலேயே ரசமான பகுதி அதுதான். 1968ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உள்ளே வழவழப்பாக, நீளம் 24 அங்குலத்துக்குக் குறையாமல், வாய் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு குழல் இருந்தால் அதன் பெயர் ஷாட்கன். அது நாலு சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாலும் ஷாட்கன்தான். புறா சுடுகிற விவசாயியும் பீரங்கி வைத்திருக்கிறவரும் போலீஸிடம் ஒரே வகைச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும். போட்டோ, நற்சான்று சொல்ல ஆள், டாக்டர் கடிதம் எல்லாம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். கண்டவர் கையில் படாமல் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும் என்றும் நிபந்தனை. துப்பாக்கிக்கு இரும்பு அலமாரி சரி, பீரங்கிக்கு என்ன அலமாரி என்று கேட்காதே, பதில் சொல்கிறவர் சிரிக்கவே மாட்டார். வாய் இரண்டு அங்குலத்தை ஒரு நூல் தாண்டிவிட்டால் வேறு சான்றிதழ், வேறு கெடுபிடி. கரிமருந்து வாங்க இன்னொரு சான்றிதழ். அதே சமயம் தாத்தா காலத்துப் பழம் பீரங்கியை அலங்காரத்துக்கென்று புல்தரையில் வைத்திருந்தால் எந்தச் சான்றிதழும் வேண்டாம். சுட வேண்டும் என்று ஆசைப்பட்டால் மட்டும் சட்டம் எழுந்து உட்காரும். ஆக மனசில் இருப்பதைப் பொறுத்து ஒரே பொருள் ஒரு நாள் பூந்தொட்டி, மறுநாள் ஷாட்கன். ஷாட்கன் குழலை 24 அங்குலத்துக்குக் கீழே நறுக்கினால் அது தனிக் குற்றம். மரத்தை? எப்படி வேண்டுமானாலும் நறுக்கிக்கொள், ஒரு வரிகூடக் கிடையாது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் வண்டியை மறந்தே போனார்கள். நம் நாட்டில் இந்த வேடிக்கைக்கும் இடமில்லை. 1959 சட்டப்படி பீரங்கி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதனால் உன் பீரங்கி பிவிசியாகவே இருக்கட்டும். சத்தத்துக்கு என்று யாராவது உள்ளே வெடியைத் திணித்தால் பைப் சிதறிக் கண்ணில் பாயும். பையன்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

சரி, மிஷின் இல்லாமல் எப்படி என்பாய். தடித்த மரத்தை அறுக்காதே, தடிப்பை அடுக்கிக் கட்டு. மரவாடியில் ஓர் அங்குலப் பலகையாக அறுத்துத் தரச் சொல். ஒவ்வொரு பலகையிலும் படி வரைந்து சாதாரணக் கைரம்பத்தாலேயே அறுக்கலாம். மூன்றையும் பெவிகால் பூசி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலிருந்து கீழாக நீள போல்ட் கொடுத்தால் மூன்று அங்குலம். ஒட்டு வேலை என்றால் ஏமாற்று வேலை என்று ஆசாரி முகம் சுளிப்பார். கப்பல் வண்டியின் பக்கப் பலகையே பல சமயம் ஒரே மரத்தில் வந்ததில்லை, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பூட்டியதுதான் என்று சொல். இன்னொரு காரணமும் உண்டு. தடித்த பச்சை மரம் காய அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. கண்காட்சி மூன்று வருஷம் காத்திருக்காது. ஓர் அங்குலப் பலகையில் காய்ந்த சரக்கு எங்கேயும் கிடைக்கும். அச்சு இரண்டை மட்டும் முழு மரத்தில் எடு, அதற்குப் பூவரசு போதும். வாய்க்கால் ஓரத்துப் பூவரசு நேராக வளர்வதில்லைதான், ஆனால் உனக்கு வேண்டியதே இரண்டடித் துண்டு. வண்டிக்கும் படகுக்கும் அந்த மரத்தைத் தேடிப்போன ஆட்கள் நம் பக்கத்தில் முட்டாள்கள் இல்லை.

கஜா புயலில் விழுந்த தென்னை இன்னும் யார் தோட்டத்திலாவது கிடக்கும், அதைச் சும்மா எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு புத்திசாலி கட்டாயம் சொல்வான். 2018 நவம்பரில் அந்த ஒரு ராத்திரி சாய்த்த மரங்களை நினைத்தால் இங்கே உட்கார்ந்தும் வயிறு எரிகிறது, ஆனாலும் வேண்டாம். தென்னை வெளிப்பக்கம் கல், உள்பக்கம் பஞ்சு. பலகையின் ஒரு ஓரம் போல்ட்டைப் பிடிக்கும், மறு ஓரம் விட்டுவிடும். அத்தனை வருஷம் கிடந்தது இதற்குள் மக்கியும் இருக்கும். சக்கரத்துக்கு அடிமரத்தை வட்டமாகத் துண்டு போட்டால் சுலபம் என்பதும் அதே ஜாதி யோசனை. காயக் காய நடுவிலிருந்து ஓரம் வரை வெடித்துவிடும். பலகை இரண்டை நார் குறுக்காக வரும்படி ஒட்டி, பிறகு வட்டம் எடு. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கப்பல் தட்டு ஓரத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும் என்பதால் அப்படித்தான் வைத்தார்கள். விவரம் தெரிந்தவர் யாராவது கண்காட்சிக்கு வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார். குழலின் இரண்டு பக்கக் காதும் உட்காருகிற பள்ளத்தை இரண்டு பலகையையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் துளை போட்டு எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் பீரங்கி ஒரு பக்கம் சாய்ந்து யாரையோ முறைக்கும்.

கடைசியாக ஓர் ஆட்சேபணை இருக்கிறது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. “இதையெல்லாம் செய்ய ஊரில் ஆசாரி எங்கே?” மரப் படகு போய் ஃபைபர் வந்துவிட்டது, கூண்டு வண்டி போய்க் குட்டி யானை வந்துவிட்டது. மூலைமட்டம் வைத்துப் பென்சிலைக் காதில் சொருகுகிற கை குறைந்துகொண்டே வருகிறது, இருப்பவரின் மகனும் என்னைப்போல விமானம் ஏறிவிட்டான். இந்த ஊரில் விக்டரியைப் பழுதுபார்க்கக் கோடிக் கோடியாகப் பவுண்டைக் கொட்டுகிறார்கள். 1545இல் மூழ்கி 1982இல் மேலே வந்த மேரி ரோஸ் கப்பலின் பீரங்கி வண்டி மரங்களைக்கூட வருஷக்கணக்கில் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்தான். வள்ளம் கட்டிய பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, பையன்கள் கையில் ரம்பத்தைக் கொடுக்க எத்தனை பவுண்டு ஆகும்? அவர் கூலியை நான் அனுப்புகிறேன், மிஷின் விலையில் பத்தில் ஒரு பங்கு வராது. உன் லாத்தாவிடம் இந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டு.

பார்சல் ஒன்றும் வருகிறது. அறுக்கும்போது போட்டுக்கொள்ளக் கண்ணாடியும், தூள் மூச்சில் ஏறாமலிருக்க முகமூடியும், ஆளுக்கொன்றாக. ஆசாரி போட மாட்டார். உம்மாவை விட்டுச் சொல்லச் சொல், அவங்க சொன்னால் போடுவார்.

இப்படிக்கு,
உன் காக்கா