ஒன்பதரையால் பெருக்குக

மதிப்பெண் பிள்ளைகளை வதைக்கிறதே என்று 2009-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு இரக்கம் சுரந்தது. தொடர் மதிப்பீட்டு முறை பிறந்தது. எண்கள் ஒழிந்தன, ஏ1, ஏ2, பி1 என்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. இனி எவரையும் எவரோடும் ஒப்பிட முடியாதாம். கூடவே ஒரு சூத்திரமும் தந்தார்கள்: தரப்புள்ளிச் சராசரியை 9.5-ஆல் பெருக்கினால் சதவீதம்! வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட சாமர்த்தியம். 91 வாங்கியவளுக்கும் 10 புள்ளி, நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கும் 10 புள்ளி.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் மனப்பான்மை, சக மாணவரிடம் மனப்பான்மை, பள்ளி நிகழ்ச்சிகளிடம் மனப்பான்மை என்று அதற்கெல்லாமும் தரம் போட்டார்கள். இந்தப் பாடம் சாராப் புள்ளிகள் திரண்டால் இரண்டு பாடங்கள் வரை தரம் ஒரு படி ஏறும். வாத்தியாருக்கு வைக்கும் வணக்கம் கணக்கில் பி1-ஐ ஏ2 ஆக்க உதவுமென்றால், இயற்கணிதத்தோடு எதற்கய்யா மல்லுக்கட்ட வேண்டும்?

தர அட்டையில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டிய வர்ணனை வரிகளுக்கு மாதிரி வாசகங்களும் வாரியத்தின் கையேட்டிலேயே உண்டு. பார்த்து எழுத வேண்டியதுதான். வகுப்பே தன்னம்பிக்கையோடு தலைமையேற்கும், பின்தொடரத்தான் ஆளிருக்காது. வாத்தியாரைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டை எழுதப்படுவது அம்மாவுக்கல்ல, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு என்பது அவருக்குத் தெரியும்.

அட்டையே இல்லாமலும் பிள்ளையின் நிலையைச் சொல்லலாம். 2005 முதல் பிரதம் அமைப்பின் துணையோடு நடக்கும் அசர் ஆய்வில் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. எதுவரை வாசிக்கிறாள் என்று குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சொல் வருகிறது, பத்தி வரவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் இது விளங்கும். பல்லாயிரம் பள்ளிகளை ஆளும் வாரியத்துக்கு விளங்காமல் போனதுதான் விந்தை!

2017-இல் தொடர் மதிப்பீட்டு முறையைச் சத்தமில்லாமல் கைகழுவினார்கள். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை இப்போது 360 பாகை, பல்பரிமாண அட்டை கேட்கிறது. பாகைக்குக் குறைச்சல் இல்லை. பின்னம் கூட்டச் சொன்னால் உங்கள் மகள் தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டிவிடுகிறாள், வீட்டில் தோசையை வெட்டிக் காட்டுங்கள் என்று எழுத எத்தனை பாகை வேண்டும்? அந்த வரிக்குத்தான் அட்டையில் இடமில்லை. பெற்றோர் கையொப்பத்துக்குக் கட்டம் கட்டித் தந்திருக்கிறார்கள், பருவத்துக்கு ஒன்றாக.