பத்து நாற்று, ஒரே இடுப்பு

போன்சாயின் மதிப்பு அதன் அடிமரத்தில் இருக்கிறது. உயரம் அடிமரத் தடிமனைப் போல ஆறு மடங்குக்குள் இருந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அது மரம். இல்லையென்றால் தட்டில் நட்ட குச்சி. ஓரடி மரத்துக்கு இரண்டு அங்குலத் தடிமன் வேண்டும். ஆழமில்லாத தட்டில் அளவுச் சாப்பாடு சாப்பிடும் ஒற்றை நாற்று அந்தத் தடிமனைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். தெருவுக்குத் தெரு மக்ரூன் கிடைக்கும் தூத்துக்குடியில் அதற்குள் பருத்துவிடுவது வளர்ப்பவரின் இடுப்புதான். அதனால் வந்த குறுக்குவழி இது: பத்துப் பன்னிரண்டு இளநாற்றுகளை நெருக்கிக் கட்டி, அவை ஒட்டி ஒரே அடிமரமாகும்வரை வளர்ப்பது.

இந்த வேலையை மரங்கள் மனிதனைக் கேட்காமலே செய்துவருகின்றன. தூத்துக்குடி, திருச்செந்தூர் வட்டாரத்துப் பனையின் மட்டை இடுக்கில் ஒரு மைனா ஆலம்பழ விதையை எச்சமிட்டால் போதும். முளைத்த ஆல் வேர்களை இறக்கும்; வேரும் வேரும் குறுக்கிடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் பனையைச் சுற்றி வலை பின்னியதுபோல் ஓர் ஆலமரம் நிற்கும். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், மன்னார்த் தீவின் பள்ளிமுனையில், அடிமரச் சுற்றளவு 19 மீட்டரைத் தாண்டிய ஒரு பெருக்குமரம் இருக்கிறது. இதே இனத்து ஆப்பிரிக்கப் பெருமரங்களைக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பால் ஆராய்ந்த ருமேனியாவின் அட்ரியன் பட்ருட் குழுவினர், அவற்றில் பல ஒற்றை மரமல்ல, பல தண்டுகள் கூடிப் பருத்தவை என்று காட்டினர். உலகின் பெருத்த இடுப்புகளில் சில கூட்டு முயற்சி என்பது தெரிந்த பிறகு, மாடியில் கயிறும் கையுமாக நிற்பவருக்குக் கூச்சம் தேவையில்லை.

எல்லா மரமும் ஒட்டாது. பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற வளர்திசுதான் ஒட்டும் வேலையைச் செய்கிறது. இரண்டு தண்டுகள் பருத்து ஒன்றையொன்று நெருக்கும்போது இடையிலுள்ள பட்டை நசுங்குகிறது. கேம்பியமும் கேம்பியமும் சந்திக்கின்றன. அதன்பின் வரும் மரவளையம் இரண்டுக்கும் பொதுவாகிறது. பனைக்கும் தென்னைக்கும் அப்படியொரு திசுவே கிடையாது. மாநில மரம் என்ற பட்டம் வைத்திருந்தும் பனை இந்தப் பரீட்சையில் பூஜ்யம். உறவும் முக்கியம். பிள்ளையார் கோயில் மேடையில் அரசுக்கும் வேம்புக்கும் தாலி கட்டி மேளம் கொட்டிக் கல்யாணமே செய்துவைக்கிறார்கள். இரண்டும் ஆயுள் முழுக்கப் பின்னிப் பிணைந்து நிற்கும். ஆனால் வேறு வேறு குடும்பத்து மரங்கள் என்பதால் திசு கலக்காது. ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு மேப்பிளை நம்புகிறார்கள். தூத்துக்குடிச் சித்திரை வெயிலில் அது விரைவில் விறகாகும். இங்கே கைகொடுப்பவை இச்சியும் ஆலும் அரசும்.

நாற்றுக்குப் பஞ்சமில்லை. சன்ஷேடு இடுக்கு, கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாயின் வளைவு என்று வீட்டைப் பிளக்கும் நோக்கத்தோடு அரசு எங்கும் முளைத்திருக்கும். பிடுங்குபவருக்கு நாற்றும் ஆயிற்று, கொத்தனார் கூலியும் மிச்சம். ஆனால் விதையில் வந்த நாற்றுகள் உடன்பிறந்தவையாக இருந்தாலும் குணத்தில் ஒன்றல்ல. ஒட்டிய மரத்தின் ஒரு பக்கம் இலை உதிர்க்கும், மறுபக்கம் துளிர்விடும். ஒரே இச்சியில் வெட்டிய போத்துகளை வேர்பிடிக்க வைத்துக் கட்டினால் இந்தக் குடும்பத் தகராறு இல்லை.

தண்டு பென்சில் தடிமனில் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும், முற்றினால் வளையாது. நடுவில் கம்பிவலையால் ஒரு சிறு கூம்பு வைத்து, அதைச் சுற்றி இடைவெளியின்றி நாற்றுகளை நிறுத்தி, வேர்களை நாலாபக்கமும் பரப்ப வேண்டும். கூம்பு இருந்தால் அடி அகன்று மேலே குறுகும். கட்டுவதற்குச் சைக்கிள் டியூபை நாடாவாக நறுக்கிக்கொள்வது நல்லது. கடற்கரை ஊரில் தூண்டில் நரம்பு சும்மா கிடைக்கும்தான். தண்டு பருக்கும்போது அது சதைக்குள் இறங்கிவிடும். வேலை முடிந்ததும் விரலெல்லாம் பால் பிசுபிசுக்கும். நகக்கண்ணில் காய்ந்து கறுத்ததைத் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த கட்டம் வெட்டாமல் விடுவது. இலை கூடினால்தான் தண்டு பருக்கும். ஆகவே கட்டிய நாற்றுகளைப் பெரிய தொட்டியிலோ தரையிலோ வைத்து இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். பக்கத்து மாடியிலிருந்து விசாரணை வருவது இந்தக் கட்டத்தில்தான். “சின்ன மரந்தான வேணும்? பொறவு எதுக்கு அண்ணாச்சி இத இம்புட்டு பெருசா வளக்குதீய?” போன்சாய்க் கலையின் அடிப்படைச் சிக்கலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. உப்பளத்துக்குப் பேர்போன ஊரில் உப்பு தொட்டி விளிம்பிலும் பூக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் இலை நுனி கருகும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துவைத்த மழைநீரைச் செடிக்கு ஊற்றுவதா, குடிக்க வைத்துக்கொள்வதா என்பது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. ஆடிக் காற்றில் கட்டு ஆடினால் ஒட்டத் தொடங்கிய இடம் விட்டுப்போகும். தொட்டியோடு சேர்த்துக் கட்டிவைப்பது உத்தமம். சில மாதங்களுக்கு ஒருமுறை நாடாவை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்ட வேண்டும். ஒட்டிவிட்டதா என்று தண்டுகளைப் பிரித்துப் பார்ப்பது மட்டும் கூடாது.

குறுக்குவழி இந்தக் கரைக்குப் புதிதல்ல. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நின்றது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து முத்து விளையவைத்தது. மணியை வைப்பது மனிதன் கையில் இருந்தது; அதன்மேல் பூச்சு ஏறும் நாளைச் சிப்பிதான் முடிவுசெய்தது. நாற்றுக்கும் அதே சட்டம். பத்து நாற்று கட்டியதால் காலம் பத்தில் ஒன்றாகச் சுருங்காது. தடிமன் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. அது மரமாவதற்குச் சில ஆண்டுகள் வேண்டும்.

தண்டுகளுக்கு இடையிலான கோடுகள் மேடுபள்ளமாகக் குறைந்து, பட்டை ஒன்றாக ஓடத் தொடங்கியதும் கட்டை எடுத்துவிடலாம். தலைமைக்கு ஒரு தண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெவ்வேறு உயரத்தில் வெட்ட வேண்டும். சில கிளையாகும், சில தழும்பாகி மூடிக்கொள்ளும். புதுத் துளிர் வரும் பருவத்தில் வேரைக் கழித்துத் தட்டுக்கு மாற்றலாம். எந்தத் தண்டு தலைமை என்பதை முடிவுசெய்யக் கூட்டம் கூட்டத் தேவையில்லை. ஒன்பது தண்டும் வெட்டுப்பட்ட பிறகும் எதிர்ப்புத் தெரிவிக்காத ஒரே கூட்டணி இதுதான்.