முன்னாள்களின் மலையேற்றம்

மென்பொருள் தொழிலில் ஒருவர் அனுபவசாலி ஆகிவிட்டாரா என்று விசிட்டிங் கார்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் ‘நிறுவனர்’. கம்பெனி வளர்ந்ததும் ‘செயல் தலைவர்’. கடைசியில் ‘முதலீட்டாளர்’; அதாவது, தான் பட்ட பாட்டை இனி அடுத்தவர் படுவதற்குக் காசு கொடுப்பவர்.

2010-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம், 2021-இல் அதை நாஸ்டாக்கில் ஏற்றினார். 2024-இல் தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை விட்டார். இப்போது அவர் மனசெல்லாம் ‘டுகெதர் ஃபண்ட்’ என்ற முதலீட்டு நிதியில். ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் குடியேறி, 2025-இல் ‘தலைமை விஞ்ஞானி’ ஆனார்.

அடுத்து நாற்காலியை விட்டு வருகிறவர்களுக்கு ஜவ்வாது மலையைச் சிபாரிசு செய்கிறேன். குளிர்ச்சி, தேன், பலாப்பழம் எல்லாம் உண்டு. அங்கே காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கிறது. தாங்கள் பணம் போட்ட கம்பெனிகளின் லாபம் எங்கே இருக்கிறது என்று ராத்திரியில் தேடிப் பார்க்கலாம்.

வந்தவர்கள் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விதைக்கும் விவசாயியையும் சந்திக்க வேண்டும். வருஷாவருஷம் புதிதாகத் தொடங்குகிறார். சொந்தக் காசு, வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் முதலுக்கே மோசம். அடுத்த ஆடியில் மறுபடி ஏர் பூட்டுகிறார். இதையே பெங்களூரில் செய்தால் ‘தொடர் தொழில்முனைவோர்’ என்று மேடையேற்றி மைக்கைக் கொடுப்பார்கள். இங்கே கடன் கேட்டுப் போனால், “பழைய பாக்கி இருக்கே பெரியவரே” என்பார்கள்.