வெந்நீர் குடிக்க விசா

மருமகனே, செக் நாட்டுக் கார்லோவி வாரிக்குப் போறியாமே! பெரிய வெங்காயம் ஒரு போகம் நல்ல விலைக்குப் போனா கலேவெலயில சிலபேர் டிராக்டர் வாங்குவாங்க, சிலபேர் மாடி கட்டுவாங்க. வங்கிக் கணக்கைக் காட்டி விசா எடுத்து வெந்நீர் குடிக்கப் போறது நம்ம குடும்பத்துல நீதான் முதல் ஆள்.

போற இடத்துல மானத்தைக் காப்பாத்து. தூண் வச்ச மண்டபங்களுக்குள்ள ஊற்று ஓடும். பிடியே மூக்கா இருக்கிற பீங்கான் கிண்ணம் விற்பாங்க. அதுல பிடிச்சு, உலாத்திக்கொண்டே உறிஞ்சணும். பெரிய ஊற்று 70 பாகைக்கு மேல சுடும், அவசரப்பட்டு வாயை வச்சிடாத. உப்புக் கரிச்சாலும் முகத்தைச் சுளிக்காம, சொக்கிப்போன மாதிரி கண்ணை மூடு. 'பதின்மூணாவது ஊற்று' எண்டு குட்டிக் கிளாசில எதையாவது நீட்டினா வாங்காத. அது பெக்கரோவ்கா, மூலிகைச் சாராயம். உன் வாப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்.

மே தினத்துக்குச் சிவப்புச் சட்டை போடுறவன் பணக்காரன் ஊருக்குப் போறதா எண்டு கூச்சப்படாத. உன் கார்ல் மார்க்ஸும் ஈரல் நோவோட 1874, 1875, 1876 எண்டு மூணு வருஷம் அங்கதான் போனார். முதல் தடவை, சொத்து வருமானத்துல வாழுற கனவான் எண்டு பேரைப் பதிஞ்சார். பொலிஸ் சந்தேகப்படாம இருக்கத்தான். அந்தக் கனவான் பட்டத்துக்கு நகரசபைக்கு இரட்டை வரியும் கட்டினார். மூலதனம் எழுதின மனுஷன்!

ஜெர்மனிப் பக்கம் பாடன்-பாடனுக்குத் திரும்பினா மட்டும் கவனம். 1877ல திறந்த ஃபிரீட்ரிக்ஸ்பாட்ல குளியலுக்கு 17 கட்டம். முதல் கட்டத்துக்கு முன்னாலயே உடுப்பு முழுக்கக் கழட்டணும். தேவஹுவ குளத்துல சாரத்தை நெஞ்சுவரைக்கும் ஏத்திக் கட்டிக் குளிக்கிற உனக்கு 17 கட்டமும் மிச்சம்தான்.

வெந்நீர் ஊற்றுத்தான் வேணுமெண்டா, நம்ம சந்தியில கைகாட்டினா திருகோணமலை பஸ் நிற்கும். அங்க கன்னியாவில ஏழு கிணறு, ஏழு சூடு. தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கினது எண்டு சொல்லுவாங்க. வாளியில அள்ளித் தலையில ஊத்தினா முடிஞ்சுது. நிலாவெளிக் கடலுக்குப் போன நேரம் கன்னியாவில எல்லாரும் இறங்கிக் குளிச்சோம். நீ மட்டும், "வெந்நீர் வீட்டுலயும் இருக்குத்தானே" எண்டு வேனுக்குள்ள போனை நோண்டிக்கொண்டு இருந்த.

வரும்போது அந்தக் கிண்ணம் ரெண்டு வாங்கி வா. ஒண்டு எனக்குப் பிளேன்டீ குடிக்க. மற்றது மாமிக்கு. காலையில அவ இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைத் தந்தா ஓடுவியே, இனி அதுல ஊத்தித் தருவா. முற்றத்துல உலாத்திக்கொண்டே குடி.